வாப்பாவின் பியர்

2015 மார்ச்சில் தலைமன்னார் புகையிரதப் பாதை மீண்டும் திறந்த பிறகு, ஒரு விடுமுறையில் மகனைக் கூட்டிக்கொண்டு பியருக்குப் போனேன். இறங்குதுறையை எங்கள் பக்கத்தில் பியர் என்றுதான் சொல்வார்கள். வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில், இரும்பெல்லாம் துருவேறி, கடலுக்குள் நீண்டு கிடந்தது. கரையில் நின்றே பார்த்தோம்.

"இதிலயா கப்பல் வந்தது?" மகன் நம்பவில்லை.

வந்தது. 1914இல் தொடங்கிய சேவை. சென்னையில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் கப்பலேறி, சுமார் 30 கிலோமீட்டர் கடலைத் தாண்டி இங்கே இறங்கி, கொழும்புக்கு ரயிலேறுவார். மலையகத் தோட்டங்களுக்கு ஆட்கள் வந்த வழியும் இதுதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. அதே ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அந்த மக்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் இந்தத் துறையாலேயே திருப்பி அனுப்பியது. 1984இல் கப்பல் நின்றது.

எழுபதுகளில் வாப்பா இங்கே சுமை தூக்கியவர். தோட்டத்துச் சனத்தின் தகரப் பெட்டிகளைக் கப்பலுக்கு ஏற்றுவார். அவர்கள் வந்த ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்று பெயர். வாப்பாவுக்கோ அது நல்ல கூலி கிடைக்கிற நாள்.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டியிலிருந்த நாங்களும் வள்ளமேறிக் கற்பிட்டியில் இறங்கினோம். கையில் உடுப்புப் பைகள் மட்டும். புத்தளத்து முகாமில், ஓலைக் குடிசைக்குள் ஒரு ராத்திரி வாப்பா சொன்னார்:

"அந்தச் சனம் ஏன் அப்படி அழுதுதுகள் எண்டு அண்டைக்கு எனக்கு விளங்கயில்ல மகன். பெட்டி பாரமா இருக்கு எண்டு ஏசியும் இருக்கிறன்."

அந்த ஏச்சுத்தான் கடைசிவரை அவரை அரித்தது. ஊர் திரும்பாமலே புத்தளத்தில் மௌத்தானார்.

இதையெல்லாம் மகனுக்குச் சொன்னேன். "அந்தப் பெட்டிக்காரர் இப்ப எங்க?" என்று கேட்டான். தமிழ்நாட்டில் அவர்களைச் 'சிலோன்காரர்' என்கிறார்கள் என்றேன். புத்தளத்தில் எங்களை எத்தனை வருடம் 'அகதி' என்றார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அவன் பிறந்ததே அங்கேதான்.

வெயில் சாய்ந்தது. "வீட்ட போவம் வாப்பா" என்றான்.

எந்த வீடென்று நான் கேட்கவில்லை.