ரோஸியின் மருந்து எங்கிருந்து வந்தது?

எங்கள் வீட்டில் தயிர் மிளகாய்க் காம்பில் உறைகிறது. நிலக்கடலையை ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, காய்ச்சி ஆறிய பாலில் நாலைந்து பச்சைமிளகாயைக் காம்போடு போட்டு மூடி வைத்தால், கோயம்புத்தூர் வெயிலுக்கு மறுநாள் காலை சாதத்தில் பிசையும் பதத்தில் இருக்கும். காப்பிக்குத் தேங்காய்ப்பால். தேன் கிடையாது. பட்டுப்புடவைகள் பீரோவில் இருக்கின்றன, புதிதாக வாங்குவதில்லை. கல்யாண வீடுகளில்தான் கொஞ்சம் சிரமம். பாயசமும் வேண்டாம், மோரும் வேண்டாம் என்றால் பரிமாறுகிறவர் "சர்க்கரைங்களா?" என்று பரிவோடு கேட்பார். ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். வீகன் என்றால் என்ன என்று பந்தியில் விளக்குவதைவிட அது சுலபம்.

உண்மையில் சர்க்கரை இருந்தது அத்தைக்கு. பிறகு ரோஸிக்கும் வந்தது.

ரோஸி எங்கள் தெருவிலேயே பிறந்த நாட்டு நாய். பெயர் வைத்தது அத்தை. பொள்ளாச்சிப் பக்கம் அவர் பிறந்த தோட்டத்தில் எல்லாப் பெண் நாய்க்கும் அதே பெயர்தானாம். அவளுக்கு என்ன போடுவது என்பதை நாங்களாக முடிவு செய்யவில்லை, டாக்டரைக் கேட்டோம். நாய் ஓநாயின் வாரிசு என்றாலும் மனிதரோடு சோறு தின்று பழகியதில் அதன் உடம்பே மாறியிருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல பிரதிகள் கூடுதல் என்று 2013-இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எனவே சோறு, பருப்பு, பூசணி, சோயா, அதன்மேல் டாக்டர் எழுதிக்கொடுத்த சத்துப்பொடி. பூனையாக இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. டாரின் என்ற சத்து போதாத பூனையின் இதயம் வீங்கித் தளர்ந்துவிடும் என்பது 1987-லேயே தெரிந்த சங்கதி. ரோஸிக்கு அத்தை மறைவாக அவித்த முட்டை கொடுத்துவந்தது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அத்தைக்கும் தெரியும்.

கொல்லையில் ரோஸி ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததை முதலில் கவனித்ததும் அவர்தான். "கண்ணு, இவளுக்கும் என்னோட வியாதிதான்" என்றார். தண்ணீர்ச் சட்டியை மூன்று தடவை நிரப்பியும் காலியாகிக்கொண்டிருந்தது, விலா எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. டாக்டர் ஒரு சொட்டு ரத்தத்தில் உறுதி செய்தார். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு நடுவயதுக்குமேல் இது அதிகம் வரும், சினைப்பருவத்துக்குப் பின் ஏறும் ஹார்மோன் இன்சுலினை வேலை செய்ய விடாது என்று விளக்கினார். தெருவில் பிடித்து வளர்த்த நாய்க்கு அந்த அறுவை வேண்டாம் என்று ஒருகாலத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. யார் சொன்னார்கள் என்பதை இப்போது கிளறி என்ன செய்ய?

டாக்டர் எழுதிக்கொடுத்தது நாய்களுக்கென்றே வரும் இன்சுலின். ஃபிரிட்ஜில் அத்தையின் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே அதற்கும் இடம் ஒதுக்கினோம். பிஸ்கட் பாக்கெட்டைக்கூடத் திருப்பிப் பார்த்து வாங்குகிற வீடு இது. பால்பொடி, வெண்ணெய், ஜெலட்டின் என்று என் கண் தானாகத் தேடும். பழக்க தோஷத்தில் அந்த அட்டைப்பெட்டியையும் திருப்பினேன். பன்றி இன்சுலின் என்று போட்டிருந்தது.

காலையும் மாலையும் அதை நான்தான் போட வேண்டும். போட்டேன். அதில் எனக்கு ஒரு நிமிடத் தயக்கமும் இல்லை. ஆனால் அது ஏன் பன்றி, ஆடோ மாடோ ஏன் இல்லை, எந்த ஊரில் யார் இதை ஆரம்பித்தது என்ற கேள்வி ஊசியைவிட ஆழமாக இறங்கிவிட்டது.

டாக்டரிடம் கேட்டேன். "நாயோட இன்சுலினும் பன்றியோட இன்சுலினும் ஒண்ணுதாம்மா" என்றார். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். படித்துப் பார்த்தால் அட்சரம் பிசகாத உண்மை. இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த சரம். பன்றியின் சரமும் நாயின் சரமும் அப்படியே ஒன்று. மனிதருடையது அதிலிருந்து ஒரே ஓர் இடத்தில் மாறுகிறது. மாட்டினுடையது நாயிலிருந்து இரண்டு இடங்களில். இந்தச் சரத்தை முதலில் பிரித்துக் கோத்துக் காட்டியவர் இங்கிலாந்தின் ஃபிரெட்ரிக் சாங்கர். 1958-இன் வேதியியல் நோபல் அவருக்கு அதற்காகத்தான். ரோஸியின் உடம்பு மறந்துபோனதை எழுத்துப் பிழையில்லாமல் வைத்திருந்தது பன்றி.

அங்கிருந்து பின்னால் போகப் போக, வழியெல்லாம் நாய்கள்.

1889-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் மின்கோவ்ஸ்கியும் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அறுத்தெடுத்தார்கள். செரிமானத்தைப் பற்றி ஏதோ தெரிந்துகொள்ளத்தான் செய்தார்கள். அந்த நாய் ஓயாமல் சிறுநீர் கழித்தது. சோதித்தால் அதில் சர்க்கரை. எறும்பைப் பார்த்து மதுமேகம் என்று நம் பழைய வைத்தியர்கள் சொல்லிவந்த வியாதியின் இருப்பிடம் கணையம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த முப்பது வருடம் பலர் முட்டிமோதியும் கணையத்திலிருந்து மருந்தை எடுக்க முடியவில்லை.

1921 கோடையில் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மக்லியட் என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில், பான்டிங் என்ற இளம் அறுவைச் சிகிச்சை டாக்டரும் பெஸ்ட் என்ற மாணவரும் ஆரம்பித்தார்கள். இந்தக் கதையை முழுதாகத் தோண்டி எழுதியவர் கனடாவின் வரலாற்றாசிரியர் மைக்கேல் பிளிஸ். அவருடைய புத்தகம் 1982-இல் வந்தது. பான்டிங்கின் ஆய்வுக் குறிப்பேடுகளை டொராண்டோ பல்கலைக்கழக நூலகம் படமெடுத்து எல்லோரும் பார்க்க வைத்திருக்கிறது. ரோஸிக்கு ஊசி போட்டு, அவள் தூங்கியபிறகு, அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எண்களும் கிறுக்கலான கையெழுத்தும். நாய்களுக்குப் பெயரில்லை, எண் மட்டும்.

முதல் வாரங்களில் அவர்கள் அறுத்த நாய்களில் பெரும்பாலானவை செத்தன. பல்கலைக்கழகம் கொடுத்தவை தீர்ந்ததும் டொராண்டோ தெருக்களில் விலைக்கு வாங்கினார்கள். யாருடைய நாய், எங்கே பிடித்தது என்றெல்லாம் விற்றவரிடம் கேட்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம்தான், மறைக்கவில்லை. ஜூலை 30-ஆம் தேதி 410-ஆம் எண் நாய்க்குக் கணையச் சாற்றைச் செலுத்தினார்கள். அதன் ரத்தச் சர்க்கரை இறங்கியது. ஆகஸ்டில் இரண்டு நாய்களுக்குக் கணையத்தை எடுத்தார்கள். சாறு கொடுக்காத 409 சில நாட்களில் போய்விட்டது. சாறு கொடுத்த 92, ஒரு மஞ்சள் நிறக் கோலி நாய், எழுந்து நடமாடியது. மாதக் கடைசி வரை இருந்தது.

அந்த 92 செத்த நாளைப் பற்றிப் பல வருடங்கள் கழித்துப் பான்டிங் எழுதிவைத்திருக்கிறார். நோயாளிகள் சாவதைப் பார்த்தும் அழாதவர் அன்று கண்ணீரை அடக்க முடியாமல், பெஸ்ட் பார்த்துவிடக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அறுத்தவரும் அவரேதான், அழுதவரும் அவரேதான். அந்த அழுகையை நடிப்பு என்று ஒதுக்கவும் முடியவில்லை, அதற்காக அவரை மன்னிக்கவும் முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

மற்றது பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1922 ஜனவரியில் 14 வயது லியனார்ட் தாம்சனுக்கு ஊசி. முதல் மருந்து சரியாக வேலை செய்யவில்லை, காலிப் என்ற வேதியியலாளர் சுத்தப்படுத்திக் கொடுத்த இரண்டாவது மருந்து பிழைக்கவைத்தது. 1923-இல் நோபல். காப்புரிமையைப் பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். அடுத்த அறுபது வருடம் உலகத்துக்கே இன்சுலின் கொடுத்தவை இறைச்சிக் கூடங்கள்தான். எட்டு அவுன்ஸ் இன்சுலினுக்கு இரண்டு டன் பன்றி உறுப்புகள் வேண்டியிருந்தன.

இதைச் சொன்னதும் அத்தை யோசித்தார். எண்பதுகளில் மாமாவுக்கு அவர் கையாலேயே ஊசி போட்டிருக்கிறார். "அப்ப உங்க மாமாவுக்கு நான் போட்டது?" அந்தக் காலத்தில் இங்கே மலிவாகக் கிடைத்தது மாட்டு இன்சுலின், அநேகமாக அதுவாகத்தான் இருக்கும் என்றேன். "தெரிஞ்சிருந்தா வேண்டான்னிருப்பாருங்கண்ணு. தெரியாததால பத்து வருசம் இருந்தாரு" என்றவர், அவருடைய பாட்டிலில் 'மனித இன்சுலின்' என்று இருப்பதைக் காட்டி, "இது மனுசங்ககிட்ட இருந்தா எடுக்கறாங்க?" என்று கேட்டார்.

இல்லை, அது நுண்ணுயிர் செய்வது. மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து அதையே இன்சுலின் செய்யவைக்கும் வித்தை 1978-இல் அமெரிக்காவில் கைகூடியது. 1982-இல் விற்பனைக்கு வந்தது. பெங்களூருவின் பயோகான் 2004-இல் ஈஸ்ட் வழியாகச் செய்து கொண்டுவந்தது. இட்லி மாவைப் புளிக்கவைப்பவற்றின் உறவுக்காரர் ஒருவர் மருந்து காய்ச்சுகிறார் என்று சொன்னேன். அத்தைக்குத் திருப்தி.

ஒரு மாதம் ரோஸியின் மருந்து எங்கும் வரவில்லை. டாக்டர், அத்தை போடுகிற வகை மனித இன்சுலினுக்கே மாற்றி அளவையும் திருத்திக் கொடுத்தார். தெருமுனை மெடிக்கலில் எப்போதும் கிடைப்பது. மில்லிக்கு அதே நாற்பது யூனிட், அதே சிவப்பு மூடி ஊசி. பன்றி எங்கள் ஃபிரிட்ஜை விட்டுப் போனது. என் முயற்சி எதுவும் இல்லாமலே வீடு மறுபடி வீகன் ஆகிவிட்டதாக ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன்.

அந்த மருந்து கலங்கலாக இருக்கும். ஊசியில் ஏற்றுமுன் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டவேண்டும். ஏன் கலங்கல் என்று தேடினேன். தேடாமல் இருந்திருக்கலாம் என்று என் கணவர் சொன்னார். இன்சுலின் மெதுவாகக் கரைந்து நெடுநேரம் வேலை செய்வதற்காக அதில் புரோட்டமின் என்ற புரதம் சேர்க்கிறார்கள். டென்மார்க்கின் ஹாகடோர்ன் 1936-இல் கண்டுபிடித்த உத்தி. புரோட்டமின் கிடைப்பது ஆண் மீனின் விந்திலிருந்து. அவர் எடுத்தது டிரவுட் மீன். இப்போது பெரும்பாலும் சால்மன். பன்றி போய் மீன் வந்திருக்கிறது.

வீகன் சங்கத்தை 1944-இல் ஆரம்பித்த டொனால்ட் வாட்சன், லெஸ்டர் நகரில் பிள்ளைகளுக்கு மரவேலை சொல்லிக்கொடுத்த ஆசிரியர். சிறுவயதில் மாமா வீட்டுப் பண்ணையில் ஒரு பன்றியை அறுத்ததைப் பார்த்ததிலிருந்து தொடங்கியதாம் அவருடைய வழி. அந்தச் சங்கம் 1979-இல் எழுதிய விளக்கத்தில், விலங்கை வதைப்பதையும் சுரண்டுவதையும் இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை விலக்குவது என்று இருக்கிறது. முன்பெல்லாம் அந்த 'இயன்றவரை' தப்பிப்பதற்கு வைத்த பின்வாசல் என்று நினைப்பேன். மருந்துப் பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தபின் அப்படி நினைப்பதில்லை. அது இல்லாமல் நான் வீகன் என்று எவர் சொன்னாலும் அவர் ஃபிரிட்ஜைப் பார்க்கவில்லை என்றுதான் பொருள். பாலை நான் மறுபடி தொடப்போவதில்லை. அந்த மாடு எனக்காகக் கன்றைப் பிரிய வேண்டியதில்லை, நிலக்கடலை இருக்கிறது. இன்சுலினுக்கு அப்படி ஒரு நிலக்கடலை ரோஸிக்கு இருக்கவில்லை. அவள் எங்களோடு கூடுதலாக இருந்த காலம் 92-உம் 410-உம் கொடுத்தது.

கடைசியில் கண்ணில் புரை விழுந்தது. சர்க்கரை வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு விழும். பார்வையில்லாமலும் வீட்டை மோப்பத்தில் சுற்றிவந்தாள். சிறுநீரகம் போனபின்தான் சாப்பாட்டை வெறுத்தாள். அத்தை வெளிப்படையாகவே முட்டையோடு வந்து உட்கார்ந்தார், மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். டாக்டர் வீட்டுக்கே வந்தார். முதலில் மயக்க ஊசி, பிறகு தயோபென்டோன். தலை என் மடியில் இருந்தது. என் கணவர் வெளியே போய்விட்டார். அத்தை, "போயிட்டு வா சாமி" என்றார். அவ்வளவுதான், அதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை.

அந்த மருந்தின் பூர்வீகத்தையும் பார்த்தேன். அதன் தாய்ப்பொருளான பார்பிட்யூரிக் அமிலத்தை அடால்ஃப் ஃபான் பேயர் 1864-இல் செய்தார். தயோபென்டோனை 1930-களில் அமெரிக்காவின் அபட் நிறுவனத்தில் வால்வைலரும் டேபர்னும் உருவாக்கினார்கள். முழுக்க வேதியியல் கூடத்தில் செய்வது. ரோஸிக்குப் போட்ட அந்தக் கடைசி ஊசியின் சேர்மானத்தில் எந்த விலங்கும் இல்லை.

பொள்ளாச்சித் தோட்டத்தில் புதைத்து, ஊர் வழக்கப்படி மேலே தென்னம்பிள்ளை வைத்தோம்.

உங்கள் வீட்டிலும் வயதான நாய் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். பெண் நாய்க்குக் காலத்தில் கருத்தடை செய்துவிடுங்கள். திடீரென்று தண்ணீர் அதிகம் குடித்தால், ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு வந்தால், அன்றைக்கே சர்க்கரை பாருங்கள். கடைசி ஊசி போட வேண்டிவந்தால் குழியை ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். அந்த மருந்து உடம்பில் அப்படியே தங்கும், தோண்டித் தின்னும் நாய்க்கும் பறவைக்கும் விஷம். பிரிக்காத இன்சுலின் பாட்டில் மீதியிருந்தால் குளிர் குறையாமல் டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த நாய்க்கு ஆகும்.