மாசி மாசத்துல எங்களைக் கூப்பிடாதீங்க

மேட்டு லயத்துக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கு. தோட்டத்திலேயே போனில் ரெண்டு கோடு சிக்னல் விழுகிற ஒரே இடம் அதுதான். 2025 மார்ச் 13, மெதின் போயா. ராத்திரி பதினொன்றரைக்கு எங்களில் ஒருத்தி அந்தப் பாறையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு, கொழும்புக் கண்காட்சி ஒன்றின் சுவர்க் குறிப்புகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்குள் அனுப்பணும். கீழே காமன் பொட்டலில் தப்பு தொடங்கியாச்சு. எங்களில் இன்னொருத்தன் பிள்ளைக்காம்பராவுக்குள் ரதிக்கு முகம் எழுதிக்கொண்டிருந்தான். மூன்றாவது ஆள், சிவனுடைய கிரீடத்தில் பிய்ந்துபோன ஜரிகைத் தாளை ஒட்டிக்கொண்டே பாறையைப் பார்த்து, "முடிஞ்சிச்சா? முடிஞ்சிச்சா?" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

முடியல. ஒரு சொல்லில் சிக்கிக் கிடந்தது.

நாங்க மூணு பேரும் பதுளைக்கும் பசறைக்கும் இடையில் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். ஒரே பள்ளிக்கூடம். ஏ.எல்.லுக்குச் சித்திரம் ஒரு பாடமாக எடுத்தபோது மூணு வீட்டிலும் ஒரே கேள்விதான்: "அத வச்சு என்னா செய்யிறது?" இப்போது வீட்டில் பெருமையாகச் சொல்கிறார்கள், "கலைத்துறையில வேலை" என்று. அந்த வேலை என்ன என்று உங்களுக்காவது சொல்லிவிடுகிறோம். ஒருத்தி கண்காட்சிகளுக்கு மொழிபெயர்க்கிறாள். ஒருத்தன் படங்களை மாட்டுகிறான்: ஏணி, ரசமட்டம், ஆணி, இரட்டைப் பக்க டேப். ஒருத்தி வீடியோ எடுத்து வெட்டி ஒட்டுகிறாள். மாதச் சம்பளம் கிடையாது. வேலை முடிந்ததும் இன்வொய்ஸ் அனுப்பணும், காசு ரெண்டு மாசம் கழித்து வரும், சிலவேளை மூணு. மூன்று மொழியிலும் குறிப்பு வைக்கிறோம் என்று பெருமைப்படுகிற இடங்களிலும் தமிழுக்குக் கோப்பு வருவது கடைசியில். திறப்பு விழாவுக்கு முதல் நாள் இரவு "தமிழ் மட்டும்தான் பாக்கி" என்று வட்ஸ்அப்பில் செய்தி வரும், நாங்கதான் தாமதம் பண்ணின மாதிரி.

குறை சொல்ல வரவில்லை. இந்த வேலை எங்களுக்குப் பிடிக்கும். ஆனால் வேலை கிடைத்த ரெண்டு வருஷத்தில் ஒன்று நடந்தது, அதை நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் ரொம்ப நாள் சொல்லிக்கொள்ளவில்லை. நாங்கள் வரைவதை நிறுத்திவிட்டோம். முன்பெல்லாம் பஸ்ஸில் வரும்போது டிக்கெட்டின் பின்பக்கம் முகம் கீறுவோம். கார்த்திகை விளக்குக்குக் கோலப்போட்டி வைப்போம், பரிசாக ஒரு பக்கெட் பிஸ்கட். இப்போது கொப்பியைத் திறந்தால் உடனே மண்டைக்குள் யாரோ கேட்கிறார்கள்: இது எந்தத் தொடருக்கு? எந்த விண்ணப்பத்துக்கு? சும்மா ஒரு பூனை வரைய முடியவில்லை. பூனை எதைக் குறிக்கிறது என்று 150 சொல்லில் எழுதித் தரணும் போலத் தோணுது.

ஒரு பயிற்சி முகாமுக்கான படிவத்தில் 'பொழுதுபோக்கு' என்று ஒரு கட்டம் இருந்தது. மூணு பேரும் வெறுமையாக விட்டிருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தச் சொல்லையே லயத்தில் யாரும் பாவிப்பதில்லை. காலையில் பிரட்டுக்களம், மலை, மத்தியானம் நிறுவை, மறுபடி மலை, அந்தியில் தண்ணி, விறகு, சோறு. போக்குவதற்கு அங்கே பொழுது எங்கே மிச்சம்? அப்படி இருந்தும் எங்க ஆயா சுவரில் சுண்ணாம்பால் மயில் எழுதுவா. மாமா ஒருத்தர் கவ்வாத்து வெட்டிய தேயிலை வேரில் பாம்பு செதுக்குவார். அவர்களுடைய அடையாள அட்டையில் தொழில் என்ற இடத்தில் 'தோட்டத் தொழிலாளி' என்றுதான் இருக்கும்.

இது எங்களுக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை என்று சமாதானம் தேடி, இந்த மலையில் முன்னால் நடந்தவர்களைப் பார்த்தோம். சி.வி. வேலுப்பிள்ளை 1947 இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனவர், தொழிற்சங்கக்காரர். பிரஜாவுரிமைக்கும் சம்பளத்துக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே ஆள்தான் கொழுந்து மலைப் பாட்டையும் தாலாட்டையும் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். அவர் 1984 இல் இறந்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' புத்தகமாக வந்தது 1987 இல்.

இன்னும் பக்கத்தில் தெளிவத்தை ஜோசப். 1934 இல் பதுளைப் பக்கம் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தெளிவத்தை என்பது பதுளைக்கு அருகில் அவர் வேலை பார்த்த தோட்டத்தின் பெயர், அதையே தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். பிறகு கொழும்பில் மிட்டாய்க் கம்பனி ஒன்றில் கணக்கு வேலை. அந்த வேலைக்கு நடுவில்தான் 'நாமிருக்கும் நாடே' கதைகள் வந்தன, 1975 இல் 'புதிய காற்று' படத்துக்குக் கதை எழுதியதும் அந்தக் காலத்தில்தான். 2013 இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது வாங்கினார். 2022 ஒக்டோபரில் இறந்தார். அவரைப் பார்த்து எங்களுக்குக் கொஞ்சம் பொறாமை என்றே சொல்லணும். பகலில் அவர் எண்ணியது ரூபாய் சதத்தை, இரவில் எழுதியது கதை. ரெண்டும் வேறு வேறு. எங்களுக்குப் பகலிலும் கலை, இரவிலும் கலை. எதை வைத்து எதிலிருந்து ஓய்வெடுப்பது?

இப்படியிருக்கும்போதுதான் கூத்து திரும்பி வந்தது.

எங்க தோட்டத்தில் கொரோனாவுக்குப் பிறகு காமன் கூத்து நின்று போயிருந்தது. முதல் வருஷம் கூட்டம் கூடத் தடை. பிறகு 2022 இல் டீசலும் இல்லை, மாவும் இல்லை. அதற்குள் ஆடுகிற பையன்கள் புறக்கோட்டைக் கடைகளுக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டார்கள். 2025 தைப்பொங்கல் அன்று, கூத்து வாத்தியார் (எங்களுக்குப் பெரியப்பா முறை) கோயிலில் வைத்து, "இந்த மாசியில ஊன்றுறோம்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். மாசி அமாவாசை கழிந்து மூணாம் பிறையில் காமன் ஊன்றுவாங்க. அன்றைக்குக் காப்புக் கட்டினால் பௌர்ணமி இரவு காமன் எரியும் வரை கவிச்சி இல்லை, குடி இல்லை. ரதி ஆடுகிற பையன் புறக்கோட்டையில் துணிக்கடையில் நிற்கிறான். கடை மாடியில் மற்றவர்கள் கோழிக்கறி தின்னும்போது இவன் பருப்பும் சோறும் தின்றுகொண்டு விரதம் இருந்தான். மூணு நாள் லீவு வாங்குவதற்குத் தீபாவளி லீவை விட்டுக்கொடுத்தான்.

கொழும்பில் நாங்கள் வேலை பார்க்கிற இடம் ஒன்றில் இதை வாய் தவறிச் சொன்னோம். ரெண்டு நாளில் அழைப்பு: கண்காட்சித் திறப்புக்கு இருபது நிமிஷம் காமன் கூத்து கொண்டுவர முடியுமா? எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் காசில் புது உடுப்பு தைக்கலாம், ஜெனரேட்டர் வாடகை கட்டலாம் என்று கணக்குப் போட்டோம். உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்தது. பெரியப்பா கோபப்படுவார், 'சாமி காரியத்தை விக்கிறீங்களா' என்று கேட்பார் என்று நினைத்தோம். சொல்லப்போனால், அவர் அப்படிக் கேட்கணும் என்றுகூட ஆசைப்பட்டோமோ தெரியாது. முடிவெடுக்கிற பாரம் நம்ம தலையிலிருந்து இறங்கிவிடும் அல்லவா.

அவர் கோபப்படவில்லை. இஸ்தோப்பில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டே கேட்டார். "எத்தன பேரு போகணும்?"

"எத்தன பேர் வேணும் பெரியப்பா?"

"ரதி, மதன், சிவன், எமன், வீரபத்திரர், நந்தி, கோமாளி, தோழி ரெண்டு, தப்பு நாலு, பாட்டுக்கு நானு. பதினாலு. போக ஒரு நாள், வர ஒரு நாள். ரெண்டு பேர் போயிரும். அதக் குடுப்பாங்களா?"

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலைக்கு விழுகிற பெயர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. பதினாலு பேருக்கு ரெண்டு நாள் என்றால் 37,800 ரூபாய். வேன் தனி. கொப்பியில் அல்ல, மனக்கணக்காகவே சொன்னார். கூடவே இன்னொன்றும் கேட்டார். "இருவது நிமிசத்துல எத ஆடுறது? கல்யாணத்தயா, எரியிறதயா? பாக்க வாறவங்க விடியிற வரைக்கும் இருப்பாங்களான்னு கேளு."

கேட்டோம். பதில் மரியாதையாகத்தான் வந்தது. ஆட்கள் மூணு பேருக்குத்தான் நிதி இருக்கிறது. தப்பு ஒன்று போதும். விடியும் வரை மண்டபம் கிடைக்காது. பெரியப்பாவிடம் போய்ச் சொன்னோம். "மூணு பேரோடயா? அப்ப மதனை யாரு தூக்குறது?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எரிந்து விழுகிற மதனை நாலு பேர் தூக்கணும். அது அவருக்குத் தத்துவம் இல்லை, மேடைக் கணக்கு.

தப்பு விஷயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. எங்க தோட்டத்தில் தப்பு அடிப்பது ஒரு லயத்து ஆட்கள் மட்டும். ஏன் அவர்கள் மட்டும் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. அந்த வீட்டுப் பையன் ஒருத்தன், எங்களைவிட இளையவன், நாங்கள் கொழும்பு அழைப்பைச் சொன்னபோது சிரித்தான். "அங்க போய் அடிச்சா ஆர்ட்டிஸ்ட்டுன்னு சொல்வாங்க, என்னாண்ணே? இங்க அடிச்சா..." என்று நிறுத்திக்கொண்டான். கூத்தைப் பற்றி நாங்கள் உருகி உருகிப் பேசும்போதெல்லாம் அவன் நிறுத்திய இடம் ஞாபகம் வருது. இந்த முறை நெருப்பில் தோல் காய்ச்சுகிற வேலையை எங்களில் ஒருத்தனும் போய்ச் செய்தான். அதனால் எதுவும் மாறிவிடவில்லை. ஒரு பெரியவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார், அவ்வளவு.

மார்ச் முதல் வாரத்திலிருந்து நாங்கள் மாறி மாறி இரவு பஸ்ஸில் வந்து போனோம். கிரீடத்துக்குப் பிறிஸ்டல் போட், எமனுக்குக் கறுப்புப் பெயின்ட், வீரபத்திரருக்குச் சணல் சடை. எங்கள் வேலைப்பையில் இருந்த நல்ல டேப் எல்லாம் அதில்தான் தீர்ந்தது. பத்து நாள் கழித்துத்தான் கவனித்தோம், எமனுடைய மார்புக் கவசத்தில் யாரோ ஒரு பூனை வரைந்திருக்கிறோம். மூணு பேரில் யார் என்று இன்னும் சண்டை. எமனுக்கு எதுக்குப் பூனை என்று பெரியப்பா கேட்டார். "சும்மா" என்றோம். "எருமையாவது போட்டிருக்கலாம்" என்றார்.

வீடியோ எடுக்கிறவள் கெமராவைக் கொண்டுவந்திருந்தாள். கொண்டுவந்தது மட்டும்தான். கிரீடம் ஒட்டிய கையில் பசை காயவே இல்லை, கெமராவைத் தொட முடியவில்லை. போனில் யாரோ எடுத்த நாலு மங்கல் படம்தான் இருக்கு. நிதி கேட்டு எழுதுவதற்கு அது போதாது. முழுசாக எடுத்திருக்கலாமே என்று ஒரு மனசு இப்பவும் சொல்லுது. பெரியப்பாவுக்கு எழுபது தாண்டியாச்சு, பாட்டு முழுக்க அவர் நெஞ்சில்தான் இருக்கு. அடுத்த வருஷமாவது குரலை மட்டும் பதிந்து வைக்கணும். அதை எங்களுடைய வேலையாகச் செய்வதா, வேறு எதுவாகச் செய்வதா என்று இன்னும் பேசி முடிக்கவில்லை.

சரி, பாறைக்கு வருவோம். சிக்கிய சொல் 'உழைப்பு'. மூலத்தில் ஒரு ஓவியர் தன் படைப்பில் செலுத்திய உழைப்பைப் பற்றி ஒரு வரி, அதற்கு அடுத்த வரியில் தோட்டத் தொழிலாளரின் உழைப்பு. ரெண்டுக்கும் ஒரே சொல்லைப் போட அவளுக்குக் கை வரவில்லை. கீழே பொட்டலில் கிடக்கிற அத்தனை பேரும் அன்றைக்கு ஒரு சதம் வாங்காமல் விடிய விடிய ஆடப்போகிறவர்கள். முதல் நாள் மலையில் கொழுந்து எடுத்தவர்கள், மறுநாள் எடுக்கப் போகிறவர்கள். அதற்கு என்ன சொல்? கடைசியில் ரெண்டு இடத்திலும் 'உழைப்பு' என்றே எழுதி 11:52 க்கு அனுப்பிவிட்டு, சாக்கை உதறிக்கொண்டு கீழே ஓடிவந்தாள்.

வந்து சேர்ந்தபோது ரதி மதனைப் போகவேண்டாம் என்று மறித்துக்கொண்டிருந்தாள். கெட்ட கனவு கண்டிருக்கிறாள். தேவர்கள் சொன்ன வேலை, போய்த்தான் ஆகணும் என்கிறான் மதன். ஒவ்வொரு வருஷமும் இந்த இடத்தில் லயத்துப் பெண்கள் அழுவார்கள். சின்ன வயசில் எங்களுக்கு அது புரியாது. எரியும்போது அழலாம், இப்ப ஏன் அழுவுறாங்க என்று நினைப்போம். புருஷனும் பிள்ளையும் கொழும்புக்கும் சவூதிக்கும் பஸ் ஏறிப்போன வீடுகள் அவை. துணிக்கடைப் பையன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மதனின் வழியை மறித்து நின்றபோது, அவனுடைய அம்மாவே முன்வரிசையில் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தா. மூணு நாள் லீவு மறுநாள் இரவோடு முடியுது.

சிவன் கண்ணைத் திறந்தபோது மணி நாலு இருக்கும். மதனை நாலு பேர் தூக்கினார்கள்.

விடிந்ததும் வெள்ளிக்கிழமை. பிரட்டுக்களத்தில் ஆட்கள் வழக்கம்போல நின்றார்கள். எமனாக ஆடிய அண்ணனுக்குக் காதுக்குப் பின்னால் கறுப்புப் பெயின்ட் அப்படியே. கணக்கப்பிள்ளை பார்த்துவிட்டு, "எமனுக்கு இன்னைக்குப் பேர் போடவா, வேணாமா?" என்று கேட்க, கொழுந்துச் சாக்கோடு நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். எங்கள் போனில் கொழும்பிலிருந்து செய்தி வந்திருந்தது: தமிழ் எழுத்துரு உடைந்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது, திரும்ப அனுப்பவும். பாறைக்கு ஏறினோம்.

இறங்கி வரும்போது பெரியப்பா பொட்டலில் சாம்பலைக் கூட்டிக்கொண்டிருந்தார். எங்களில் ஒருத்தி ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டாள். துணிக்கடைக்காரன் லீவு கிடைக்காம வரலைன்னா, அடுத்த வருஷம் ரதிய ஒரு பொம்பளப் புள்ள ஆடலாமா?

அவர் கொஞ்ச நேரம் கூட்டிக்கொண்டே இருந்தார். "காப்புக் கட்டுற அன்னைக்கு வந்து கேளு" என்றார்.

2026 மாசிக்கு மூணு பேரும் எந்த வேலையும் ஏற்கவில்லை. வட்ஸ்அப்பில் இப்பவே எழுதிப் போட்டாச்சு.