கேசட்டில் வந்த ஆட்டங்கள்

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியை டிவியுடன் இணைத்து மின்சாரம் கொடுத்தால், வெள்ளைத் திரையின் அடியில் 1982, சின்கிளேர் ரிசர்ச் என்று ஒரு வரி தோன்றும். அவ்வளவுதான். படம் கிடையாது, பட்டியல் கிடையாது. நாற்பது ரப்பர் பொத்தான்கள் கட்டளைக்காகக் காத்திருக்கும். 'ஜே' பொத்தானை அழுத்தினால் அந்த எழுத்து வராது. 'லோட்' என்ற முழுக் கட்டளையே வந்து விழும். பிறகு இரண்டு மேற்கோள் குறிகள், ஒரு என்டர். டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டு ஓடவிட வேண்டியதுதான்.

முதலில் நீளமாக ஒரே சுருதியில் ஓர் ஓசை. திரையின் ஓரங்களில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் நகரும். சில நொடிகளில் ஓசை கரகரப்பாகிவிடும். பட்டைகள் நீலமும் மஞ்சளுமாக மெலிந்து துடிக்கும். அது அழகுக்காகச் செய்த வேலை இல்லை. நாடாவிலிருந்து ஒவ்வொரு துடிப்பு வந்து சேரும்போதும் ஓரத்தின் நிறத்தை மாற்று என்று கணினியின் நிலையான நினைவகமான ரோமிலேயே எழுதியிருந்தார்கள். உள்ளே வரும் தகவலைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். முகப்புப் படம் ஏறும் விதம் இன்னும் விசித்திரம். திரை மூன்று பாகமாகப் பிரிந்து, ஒவ்வொரு பாகத்திலும் எட்டுக் கோட்டுக்கு ஒரு கோடாகப் படம் நிரம்பும். கறுப்பு வெள்ளையில் முழுதாக வந்தபின், கடைசி நொடிகளில் நிறம் மளமளவென்று மேலிருந்து கீழே இறங்கும். நொடிக்கு ஏறக்குறைய 1,500 பிட் என்பதுதான் வேகம். நினைவகத்தை நிறைக்கும் ஓர் ஆட்டம் ஏற ஐந்து நிமிடமாவது பிடிக்கும். நான்காவது நிமிடத்தில் ஒலி கொஞ்சம் பிசகினாலும் 'டேப் லோடிங் எரர்' என்று வந்துவிடும். கேசட்டைத் திருப்பிச் சுற்றி, ஒலியளவை ஒரு மயிரிழை கூட்டியோ குறைத்தோ, மறுபடி முதலிலிருந்து.

1982 ஏப்ரல் 23 அன்று கேம்பிரிட்ஜின் சின்கிளேர் ரிசர்ச் நிறுவனம் இந்தக் கணினியை அறிவித்தது. 16 கிலோபைட் நினைவகம் உள்ளது 125 பவுண்டு, 48 கிலோபைட் உள்ளது 175 பவுண்டு. கணினி என்றால் பல்கலைக்கழகத்திலும் பெரிய அலுவலகங்களிலும் இருப்பது என்றிருந்த காலத்தில், நடுத்தரக் குடும்பம் ஒன்று பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுக்கும் விலைக்கு அதை இறக்கியதே கிளைவ் சின்கிளேரின் பெரும் சாதனை. மின்சுற்றை வடிவமைத்தவர் ரிச்சர்ட் ஆல்ட்வாசர். பேசிக் என்ற நிரல்மொழியை அதற்குள் அடக்கியவர் ஸ்டீவ் விக்கர்ஸ். கணினியுடன் வந்த கையேடும் விக்கர்ஸ் எழுதியதுதான். வாங்கியவர் நிரல் எழுதப்போகிறார் என்று முழுமனதாக நம்பி எழுதிய புத்தகம் அது.

அந்தக் காலத்தைப் பற்றி இன்று பேசுபவர்கள் பெரும்பாலும் இசையையும் நிறங்களையும் கேசட் உறைப் படங்களையும் நினைத்து உருகுகிறார்கள். உருகட்டும். ஆனால் அந்த ஆண்டுகள் விட்டுச் சென்றதில் மிகப் பெரியது வேறொன்று. ஆடுபவர் கையிலும் ஆட்டத்தை எழுதுபவர் கையிலும் இருந்தது ஒரே கணினி, ஒரே கையேடு. ஆட்டம் பிடித்திருந்தால் அதை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் மாற்றியும் பார்க்கலாம்.

கடைகளில் கிடைத்த கணினி இதழ்களைப் புரட்டினால் இது விளங்கும். பக்கம் பக்கமாக நிரல் வரிகள் அச்சாகியிருக்கும். வாசகர் அவற்றைத் தாமே தட்டச்சு செய்து, கேசட்டில் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் நிரல் ஓடாது. எங்கே தவறு என்று தேடும் அந்த மாலை நேரங்களில்தான் பலர் நிரல் எழுதவே கற்றார்கள். சிறுவர் நூல்களுக்குப் பேர்போன அஸ்போர்ன் பதிப்பகமும் வண்ணப் படங்களோடு இப்படிப்பட்ட புத்தகங்களை வெளியிட்டது. ஒரே ஆட்டத்தை ஸ்பெக்ட்ரத்துக்கு எந்த வரியை எப்படி மாற்றுவது, பிபிசி மைக்ரோவுக்கு எப்படி மாற்றுவது என்று ஓரத்தில் குறிப்புகள் இருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த நூல்கள் அதிகம் இல்லை.

அன்றைய கணினி நினைவகத்தில் இடப் பஞ்சம் எப்படிப்பட்டது என்று அறிய ஸ்பெக்ட்ரத்துக்கு ஓராண்டு முன் வந்த இசட்எக்ஸ்81-ஐப் பார்க்கலாம். அதன் நினைவகம் 1 கிலோபைட். 1,024 பைட். திரையில் தெரிவதற்கான இடமும் அதிலிருந்தே போக வேண்டும். இதற்குள் டேவிட் ஹார்ன் என்பவர் சதுரங்கம் ஆடும் நிரலை எழுதினார். அளவு 672 பைட். இந்தப் பத்தியைத் தமிழில் கணினியில் சேமித்தாலே அதைவிட அதிக இடம் கேட்கும். கோட்டை கட்டும் விதியும் சிப்பாய் ராணியாகும் விதியும் அதில் இல்லை. ஆனால் காய்கள் முறைப்படி நகரும், எதிராளியாகக் கணினி யோசித்து ஆடும்.

ஸ்பெக்ட்ரத்தில் பஞ்சம் வேறு வடிவம் எடுத்தது. திரைக்கு 256 புள்ளி அகலம், 192 புள்ளி உயரம். ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் கொடுக்க நினைவகம் போதாது. எனவே எட்டுக்கு எட்டு புள்ளி கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறத்துக்கென ஒரே ஒரு பைட்: எழுத்து நிறத்துக்கு மூன்று பிட், பின்னணிக்கு மூன்று, பளிச்சென்று தெரிய ஒன்று, சிமிட்ட ஒன்று. இப்படி 768 கட்டங்கள். படமும் நிறமும் சேர்ந்து மொத்தத் திரையும் 6,912 பைட்டில் முடிந்தது. அதற்குக் கொடுத்த விலை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறங்களுக்கு மேல் வராது; சிவப்பு அரக்கன் பச்சை மரத்தைக் கடக்கும்போது மரம் சிவக்கும், அல்லது அரக்கன் பச்சையாவான்.

நல்ல கலைஞர்கள் இந்தக் குறையை வைத்தே வேலை பார்த்தார்கள். 1984இல் அல்டிமேட் நிறுவனத்தின் ஸ்டாம்பர் சகோதரர்கள் வெளியிட்ட 'நைட் லோர்' ஓர் அறைக்கு ஒரே நிறம் என்று முடிவெடுத்தது. நிறத்தைத் துறந்ததால் கிடைத்தது ஆழம். கோணலாகப் பார்க்கும் முப்பரிமாண அறைகளில் நாயகன் ஒரு பெட்டியின் பின்னால் போனால் மறைவான், மேலே ஏறினால் முழுதாகத் தெரிவான். அந்த ஆட்டத்தைப் பார்த்தபின் பிரிட்டனில் எத்தனையோ பேர் அதே கோணத்தில் ஆட்டங்கள் செய்தார்கள். அசலின் கச்சிதம் வெகுசிலவற்றுக்கே வாய்த்தது.

ஒலியிலும் இதே கதைதான். ஸ்பெக்ட்ரத்தில் இசைக்கென்று தனிச் சில்லு கிடையாது; ஒரே ஒரு பிட்டால் இயங்கும் சின்ன ஒலிபெருக்கி. செயலி அதைத் தன் கையால் முன்னும் பின்னும் அசைத்தால்தான் ஒலி வரும். அசைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வேறெதையும் செய்ய முடியாது. ஆகவே ஆட்டம் நடக்கும்போது பாட்டு என்பது நடவாத காரியம் என்றே பலர் நினைத்தார்கள். 1983இல் பதினேழு வயது மேத்யூ ஸ்மித் எழுதிய 'மேனிக் மைனர்' வந்தது. சுரங்கத் தொழிலாளி வில்லி இருபது குகைகளில் சாவிகளைப் பொறுக்கித் தப்ப வேண்டும். குகையில் காற்று தீர்ந்துகொண்டே வரும். தலைப்புத் திரையில் பியானோ கட்டைகள் ஒளிர 'புளூ டான்யூப்' ஒலிக்கும். ஆட்டத்துக்குள் நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் மெட்டு. ஸ்மித் செய்த தந்திரம் எளிமையானது. எல்லாப் பாத்திரங்களையும் ஓர் அடி நகர்த்து, ஒரு ஸ்வரத்தின் துணுக்கை ஒலி, மறுபடி ஓர் அடி நகர்த்து. துணுக்குகளைக் காது தானே சேர்த்துக்கொள்கிறது. மெட்டு கரகரவென்றுதான் இருக்கும். ஆனால் ஒரு பிட்டில் அவ்வளவு உயிர் இருப்பது இன்று கேட்டாலும் வியப்பாக இருக்கிறது.

அடுத்த ஆண்டு ஸ்மித்தின் 'ஜெட் செட் வில்லி' வந்தது. இப்போது வில்லி பணக்காரன். அறுபது அறைகள் கொண்ட மாளிகை அவனுக்குச் சொந்தம். விற்பனை அமோகம். ஒரு சங்கடம் மட்டும்: ஆட்டத்தை முடிக்கவே முடியாது. பரண் அறைக்குள் போய் வந்தால், அங்கே பறக்கும் ஓர் அம்பு திரைக்கான எல்லையைத் தாண்டி நினைவகத்தில் எழுதிவிடும். வேறு சில அறைகளின் விவரம் சிதைந்து, அவற்றில் நுழைந்தவுடன் வில்லி செத்து விழுவான். அறைகளில் விஷவாயு பரவிவிட்டது, அதுவும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான் என்று வெளியீட்டாளர்கள் முதலில் சொல்லிப் பார்த்தார்கள். ஆடியவர்கள் விடவில்லை. நிரலைப் பிரித்துப் படித்து, இதையும் வேறு சில பிழைகளையும் சேர்த்துச் சரிசெய்ய நான்கே நான்கு பைட்டுகளை மாற்றினால் போதும் என்று கண்டுபிடித்தார்கள். பைட்டை மாற்றும் அந்த நான்கு 'போக்' கட்டளைகள் இதழ்களில் அச்சாகின. காசு கொடுத்து வாங்கிய பொருளை வாங்கியவர்களே பழுதுபார்த்து ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஆடியவருக்கும் எழுதியவருக்கும் இடையே சுவர் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

சின்கிளேருக்குக் கேம்பிரிட்ஜிலேயே ஒரு போட்டி நிறுவனம் இருந்தது. சின்கிளேரிடம் முன்பு வேலை பார்த்த கிறிஸ் கரி, ஹெர்மன் ஹவுசருடன் சேர்ந்து தொடங்கிய ஏகார்ன் நிறுவனம். பிபிசி தன் கணினிக் கல்வித் திட்டத்துக்கு ஏகார்னின் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தது. பள்ளிகள் வாங்கினால் பாதி விலையை பிரிட்டிஷ் அரசு ஏற்றது. இந்திய அரசு 1984-85இல் பள்ளிகளுக்காகத் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் இங்கே வந்து இறங்கியதும் அதே பிபிசி மைக்ரோதான். விசைப்பலகையின் மேல்வரிசையில் சிவப்பு நிறப் பொத்தான்களோடு அது அன்றைய மாணவர்கள் சிலர் தொட்ட முதல் கணினி.

அந்த பிபிசி மைக்ரோவில்தான் 1984 செப்டம்பரில் 'எலீட்' வெளிவந்தது. எழுதியவர்கள் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இருவர், டேவிட் பிரேபன், இயன் பெல். விண்வெளியில் ஒரு வணிகன். கோளுக்குக் கோள் சரக்கு வாங்கி விற்க வேண்டும், கொள்ளையரோடு சண்டையிட வேண்டும். மூன்று உயிர், பத்து நிமிடம், உயர்ந்த மதிப்பெண் என்ற அன்றைய வழக்கம் எதுவும் அதில் இல்லை. தார்ன் இஎம்ஐ நிறுவனம் அந்தக் காரணத்துக்காகவே அதை வேண்டாம் என்றது. ஏகார்னின் மென்பொருள் பிரிவான ஏகார்ன்சாஃப்ட் ஏற்றுக்கொண்டது.

கையில் இருந்த இடம் சுமார் 22 கிலோபைட். அதற்குள் எட்டு அண்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள், மொத்தம் 2,048. ஒவ்வொரு கோளுக்கும் பெயர், அரசு, பொருளாதாரம், மக்கள்தொகை, மக்களைப் பற்றி ஒரு வாக்கியம். இவற்றைச் சேமித்து வைக்க இடமே இல்லை, ஆகவே சேமிக்கவில்லை. ஆறு பைட், அதாவது மூன்று எண்கள்தான் வித்து. மூன்றையும் கூட்டினால் அடுத்த எண். அதைக் கொண்டு மீண்டும் கூட்டினால் அதற்கடுத்தது. இப்படிப் பிறக்கும் எண்களே ஈரெழுத்துத் துணுக்குகளைத் தேர்ந்தெடுத்து லேவ், டீசோ, லீஸ்டி என்று பெயர் சூட்டின. கோளைப் பார்க்கும்போது அது கணக்கிடப்படும், திரும்பிக்கொண்டால் மறைந்துவிடும், மறுபடி வந்தால் அதே கணக்கு, அதே கோள். அடுத்த அண்டத்துக்குப் போக ஒவ்வொரு பைட்டின் பிட்டுகளையும் ஓர் இடம் சுழற்றினால் போதும். ஒரு பைட்டில் எட்டு பிட். எட்டாவது சுழற்சியில் ஆட்டக்காரர் புறப்பட்ட அண்டத்துக்கே வந்து சேர்வார்.

முதலில் அவர்கள் எண்ணியது 281 லட்சம் கோடிக்கும் அதிகமான அண்டங்கள். அத்தனை என்றால் எல்லாம் கணிதப் புனைவு என்று ஆட்டக்காரருக்குத் தெரிந்துவிடும் என ஏகார்ன்சாஃப்ட் தடுத்ததால் எட்டோடு நின்றது. அந்த முடிவு சரியானது. லேவ் என்ற கோளின் பெயர் நாற்பது ஆண்டு கழித்தும் பலருக்கு நினைவிருக்கக் காரணம், அது எண்ணற்ற கோள்களில் தொலைந்து போகாததுதான்.

திரையிலும் ஒரு வித்தை செய்தார்கள். மேல் பகுதிக்கு நுணுக்கமான கோடுகள் வேண்டும், கீழே கருவிப் பலகைக்கு நிறம் வேண்டும். இரண்டையும் ஒருசேரத் தரும் திரைமுறை பிபிசி மைக்ரோவில் கிடையாது. டிவியின் கற்றை திரையில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, சரியான கோட்டில், நொடிக்கு ஐம்பது தடவை திரைமுறையை மாற்றினார்கள்.

ஏகார்னின் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அதன்பின் வடிவமைத்த ஆர்ம் செயலியின் வழித்தோன்றல்கள் இன்று கைபேசிகளில் இருக்கின்றன. சின்கிளேரின் கணினிப் பிரிவை 1986இல் ஆம்ஸ்ட்ராட் 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. ஆட்டங்களோ பூட்டிய பெட்டிகளுக்குள் போயின. அனுமதியில்லாத கார்ட்ரிட்ஜை ஓடவிடாமல் தடுக்கவே அமெரிக்காவில் விற்ற நின்டெண்டோ பெட்டியில் ஒரு சில்லு இருந்தது. ஆடுபவர் எழுதவும் செய்வார் என்ற எதிர்பார்ப்பு இல்லாமலேயே ஒரு தலைமுறை வளர்ந்தது. கேம்பிரிட்ஜில் கணினி படிக்க வரும் மாணவர்களிடம் நிரல் எழுதிய பழக்கம் குறைந்துவருவதைக் கண்டு எபன் அப்டன் முதலியோர் கவலைப்பட்டதன் விளைவே 2012இல் வந்த ராஸ்பெரி பை என்ற சிறு கணினி. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் 'எலீட்' எழுதிய டேவிட் பிரேபன். முதல் ராஸ்பெரி பைகளுக்கு மாடல் ஏ, மாடல் பி என்று பெயர் வைத்தது பிபிசி மைக்ரோவை நினைத்து. உள்ளே ஓடியது ஆர்ம் செயலி.

இயன் பெல் பின்னாளில் 'எலீட்'டின் மூல நிரலைப் பொதுவில் வைத்தார். 'மேனிக் மைனர்' ஆட்டத்தை ஆர்வலர்கள் பைட் பைட்டாகப் பிரித்து விளக்கம் எழுதியிருக்கிறார்கள். கணிதம் படிக்கும் மாணவர் எவரும் அந்தக் கோள்கள் பிறக்கும் விதத்தை இன்று வரி வரியாகப் பின்தொடரலாம். புகழ்பெற்ற ஆட்டங்கள் இப்படிப் பிழைத்துவிட்டன. வீடுகளில் பிள்ளைகளும் பள்ளிகளில் ஆசிரியர்களும் எழுதிப் பதிந்த நிரல்கள்தான் ஆபத்தில் இருக்கின்றன; நாடாவின் காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு உதிர்கிறது. காப்பாற்றப் பெரிய கருவி தேவையில்லை. டேப் ரிக்கார்டரின் தலையைத் துடைத்துவிட்டு, கணினியின் ஒலி உள்ளீட்டில் இணைத்து, எம்பி3 போலச் சுருக்காமல் முழு அளவில் பதிந்தால் போதும். அந்த ஒலியை நிரலாக மாற்றித்தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அலமாரியில் அப்படியொரு கேசட் இருந்தால், முதல் ஓட்டத்தையே பதிவு செய்துவிடுவது நல்லது. இரண்டாம் முறை நாடா தாங்காமல் போகலாம்.