அழாத நோயாளி

மருத்துவமனை வாயிலில் பொறுமை காப்பது எத்துணைக் கடினம் என்பதை வாசக அன்பர்கள் அறிவர். ஐப்பசி மாதத்து விடியற்காலை ஒன்றில் நாங்கள் அப்பொறுமையை அறவே இழந்தோம்.

பெரம்பலூரில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்த அன்னையார் மணிக்கட்டை முறித்துக்கொண்டார்கள். எண்பது வயதைக் கடந்தவர்கள். வலி தாளாது அலறினார்கள். ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனை சேர்த்தோம். அவ்வேளையில் பணியில் இருந்த செவிலியர் ஒருவரே. ('சிஸ்டர்' என்றதும் நம் இல்லங்களில் கன்னியர் நினைவே முந்தும், இவர் குடும்பத் தலைவி.) அன்னையின் விரல்களைத் தொட்டுப் பார்த்தார், அசைக்கச் சொன்னார், கையை அட்டையில் வைத்துக் கட்டினார். "சற்றுப் பொறுங்கள் பாட்டி" என்று கூறிவிட்டு, சுவரோரம் அமர்ந்திருந்த வாலிபனிடம் சென்றுவிட்டார்.

அவன் அழவில்லை. உடலில் காயமும் காணோம். வயிறு வலிப்பதாக முனகினான், கண்கள் சொருகியிருந்தன. குடித்துவிட்டு வந்தவன் என்றே முடிவு செய்தோம். "வயதானவர் துடிக்கிறார், தூங்குகிறவனையா கவனிப்பீர்கள்?" என்று உரத்துக் கடிந்தோம். செவிலியர் திரும்பவேயில்லை.

"மேலே பார், தம்பி" என்றார். இமைகள் உயரவில்லை. ஒரே மூச்சில் எண்களைச் சொல்லச் சொன்னார். ஏழோடு நின்றுவிட்டான். உடனே மருத்துவரை அழைத்தார். காட்டுப்பன்றிக்குக் காவலாக மக்காச்சோளக் காட்டில் தரையில் படுத்திருந்தவனாம். கடித்தது கட்டுவிரியன்.

இப்பாம்பு கடித்தால் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா. கடிவாயே தெரியாமலும் போகும். பின்னர் இமை தாழும், பேச்சுக் குழறும், இறுதியில் மூச்சு நிற்கும். அரியலூர்ப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் தரையில் உறங்குவோர் இதை மனத்திற்கொள்ள வேண்டும். கடிவாயைக் கீறுவதும் கயிற்றால் இறுக்குவதும் கேடு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து 108-ஐ அழைப்பதே செய்யத்தக்கது.

நச்சுமுறி மருந்து ஏற்றினர். (இம்மருந்துக்கான நஞ்சை எடுத்துத் தருவோருள் முதன்மையானவர், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார்.) எனினும் மூச்சு தளர்ந்தது. செவிலியர் காற்றுப்பையைக் கையால் அழுத்தியபடியே அவனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு சென்றார்.

திரும்பி வந்தவர் எங்களைச் சினந்து பேசவில்லை. "மூச்சு முதலில், இரத்த ஓட்டம் அடுத்தது, எலும்பு அதன் பிறகு. அலறுகிறவருக்கு மூச்சு இருக்கிறது ஐயா, பேசாமல் கிடப்பவரிடம்தான் எங்களுக்கு அச்சம்" என்றார். பிள்ளை பெற்றவள் வெளிறிச் சோர்ந்தால், தூக்கம் என்று விடாமல் துணியை விலக்கி உதிரப்போக்கைப் பார்ப்பார்களாம். சர்க்கரை நோயாளி வியர்த்து உளறினால் முதலில் விரல்நுனி இரத்தச் சோதனை. வலிப்பு வந்த குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைப்பதே முதற்பணி. கையில் இரும்பைத் திணிப்பது வீண். நெப்போலியன் படையின் மருத்துவர் லாரேயும், தளபதியா சிப்பாயா என்று பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே வரிசை வகுத்தவர். எங்களுக்கோ எங்கள் அன்னை ஒருவரே வரிசையாக இருந்தார்.

மூன்றாம் நாள் அவ்வாலிபன் கண் திறந்தான் என்று கேள்வியுற்றோம். ஆறாம் வாரம் மாவுக்கட்டைப் பிரிக்கச் சென்றபோது, அன்னையார் அச்செவிலியரைத்தான் முதலில் தேடினார்கள். அவர் அன்று விடுப்பு. நாங்கள் சொல்ல எண்ணிச் சென்ற மன்னிப்பு இன்னும் எங்களிடமே இருக்கிறது.