காத்து அடிச்சா மான் எங்கே போகும்?

மான் வேட்டைன்னு சொன்னதும் 'அடப்பாவி!'ன்னு கையை ஓங்காதீங்க பாஸ். நம்மூர்ல 1972-ல வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, மான் மேல கை வெச்சா கம்பி எண்ண வேண்டியதுதான். நான் சொல்றது அமெரிக்காவுல, விஸ்கான்ஸின் மாநிலத்துல. அங்கே நவம்பர் மாசம் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாளைக்குத் துப்பாக்கி சீஸன். லைசென்ஸ் வாங்கிட்டு வெள்ளைவால் மானை வேட்டையாடலாம். நான் படிக்கிற மேடிசன்ல, அந்த வாரம் எங்க லேப்ல பாதி நாற்காலி காலி!

என் ரூம்மேட்டோட தாத்தாவுக்கு மாநிலத்தோட தென்மேற்கு மூலையில ஒரு பண்ணை. பனியுகத்துல பனிப்பாறைகள் தேய்ச்சு மட்டமாக்காம விட்டுட்டுப் போன பகுதி அது. அதனால எங்கே பார்த்தாலும் குன்றும் பள்ளத்தாக்கும்தான். ஓநாய் அந்தப் பக்கம் கிட்டத்தட்ட இல்லை. மான் பெருகி சோளத்தை மேயுது, ராத்திரியில கார்ல வந்து மோதுது. தாத்தா வீட்டுல ஒரு மான் கிடைச்சாத்தான் குளிர்காலத்துக்குக் கறி. போன வருஷம் ஃப்ரீஸர் காலி. 'இந்த வருஷம் நீயும் வாடா'ன்னு ரூம்மேட் இழுத்துட்டுப் போனான்.

அம்மாகிட்ட போன்ல சொன்னேன். ''ஏண்டா, அந்த மான் உன்னை என்னடா பண்ணுச்சு?'' ''நான் சுடலைம்மா, சும்மா கூடப் போறேன்.'' ''கூடப் போனா மட்டும்?'' அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. இப்பவும் இல்லை.

போன நாள் பார்த்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துல காத்து. ஓக் மரத்துல மிச்சமிருந்த காய்ஞ்ச இலையெல்லாம் சலசலன்னு ஒரே சத்தம். வழக்கமா மரத்து மேல ஸ்டாண்டு கட்டி உட்கார்ந்துதான் காத்திருப்பாங்க. தாத்தா மரத்தை அண்ணாந்து பார்த்தார். அது ஊஞ்சல் மாதிரி ஆடிட்டு இருந்துச்சு. ''இன்னிக்கு இதுல ஏறுறவன் மடையன்''னுட்டார். வேட்டையில அடிபடுறவங்கள்ல நிறைய பேர் குண்டு பட்டு விழறதில்லை, மரத்துல இருந்து விழறாங்க. ரூம்மேட்டுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. ''காத்து அடிச்சா மானே வெளியே வராது தாத்தா, வீட்டுக்குப் போயிடலாம்''னான்.

''வராதுடா. அதனாலதான் நாம போறோம்''னார்.

இங்கேதான் மேட்டரே இருக்கு. மான் உயிர் வாழறது மூக்காலயும் காதாலயும். காத்து பலமா அடிச்சா இலைச் சத்தத்துல காது வேலைக்கு ஆகாது. எல்லாம் அசையறதால எது ஆபத்துன்னு கண்ணாலயும் பிரிக்க முடியாது. அதனால மேட்டுக்கு அந்தப் பக்கம், காத்து நேரா அடிக்காத சரிவுல போய்ப் படுத்துக்கும். முதுகுப் பக்கம் வர்ற வாசனையை மூக்கு பார்த்துக்கும், கீழே பள்ளத்தைக் கண்ணு பார்த்துக்கும். செம பிளானிங்!

நமக்கு நல்லது என்னன்னா, நம்ம காலடிச் சத்தம் அதுக்குக் கேட்காது. தாத்தா பாக்கெட்ல இருந்து ஒரு காயை எடுத்துப் பிச்சு பஞ்சைப் பறக்கவிட்டார். பார்த்தா நம்மூர் எருக்கம்பஞ்சு மாதிரியே! அங்கே மில்க்வீட்ம்பாங்க, எருக்குக்குச் சொந்தக்காரச் செடிதான். பஞ்சு எந்தப் பக்கம் போகுதோ, நம்ம வாசனையும் அந்தப் பக்கம்தான் போகுது. மேட்டுக்குப் பின்னாடி காத்து சுழலும், அதனால பத்தடிக்கு ஒருதரம் பஞ்சு. காத்து வீசறப்ப ரெண்டு எட்டு, காத்து நின்னா நாமளும் சிலை. நூறு மீட்டர் நடக்க ஒரு மணி நேரம் ஆச்சு. என் மூக்கு எங்கே இருக்குன்னே தெரியலை, அவ்வளவு குளிர்.

மூணு பேரும் பளபளா ஆரஞ்சு கோட்டுல கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி இருந்தோம். 1980-ல இருந்து துப்பாக்கி சீஸன்ல ஆரஞ்சு கட்டாயம், 2016-ல பளீர் பிங்க்கும் ஓகேன்னுட்டாங்க. மானுக்கு சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது, ஆரஞ்சு அதுக்கு மங்கலாத்தான் தெரியும். நம்மளை நாமளே சுட்டுக்காம இருக்கத்தான் இந்த கலர்.

அப்பதான் மேட்டு உச்சியில ஒரு ஆண் மான். பெரிய கொம்பு, எண்பது மீட்டர்கூட இருக்காது. அந்த தூரத்துல காத்து குண்டைத் தள்ளினாலும் ஒண்ணு ரெண்டு அங்குலம்தான். தாத்தா துப்பாக்கியைத் தூக்கினார். ரூம்மேட் மூச்சே விடலை. அப்புறம் மெதுவா இறக்கிட்டார்.

''தாத்தா!''னு கெஞ்சலா இவன்.

''அதுக்குப் பின்னாடி என்ன இருக்கு, சொல்லு?''

பின்னாடி வெறும் வானம். மேட்டுக்கு அந்தப் பக்கம் பக்கத்துப் பண்ணை வீடு. மான் நிதானமா இறங்கிப் போயிடுச்சு. ரூம்மேட் அடுத்த ஒரு மணி நேரம் தாத்தாகூடப் பேசலை. எனக்கு மட்டும் ரகசியமா ஒரு நிம்மதி.

நிம்மதி ரொம்ப நேரம் நிலைக்கலை. மதியம் அதே மேட்டோட மறைவுச் சரிவுல, தாத்தா சொன்ன மாதிரியே, ஒரு பெண் மான் படுத்திருந்துச்சு. அதுக்கான டேக்கும் அவர்கிட்ட இருந்துச்சு. பக்கவாட்டுல இருந்து போனோம். இந்த முறை மானுக்குப் பின்னாடி மண் சரிவு. அது எழுந்து நின்னுச்சு. ஒரே வெடி. அம்பது அடி ஓடி விழுந்துச்சு. கிட்டே போனப்ப உடம்புல இருந்து ஆவி வந்துட்டு இருந்துச்சு. தாத்தா தொப்பியைக் கழட்டிட்டு, அது பக்கத்துல கொஞ்ச நேரம் பேசாம உட்கார்ந்தார். கேம்பஸ்ல அவ்வளவு பேசற ரூம்மேட்டும் கப்சிப்.

உடனே கறிக்குழம்புன்னு நினைச்சுடாதீங்க. சிடபிள்யூடி-ன்னு மான் மூளையை அரிக்கிற ஒரு நோய் இருக்கு. 2002-ல அந்த மாநிலத்துல கண்டுபிடிச்சாங்க, இப்ப தென்மேற்குலதான் அதிகம். மனுஷனுக்குத் தொத்தினதா இதுவரை ஆதாரம் இல்லை. ஆனாலும் நோய் இருக்கிற மானைச் சாப்பிடாதீங்கன்னுதான் சொல்றாங்க. கழுத்துல இருக்கிற நிணநீர்க் கணுவை எடுத்து டெஸ்ட்டுக்குக் கொடுத்துட்டு, கறியை ஃப்ரீஸர்ல வெச்சுட்டுக் காத்திருந்தாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு ரூம்மேட் மொபைலை நீட்டினான். நோய் இல்லை. ஒரு பொட்டலம் எனக்குன்னு தாத்தா கொடுத்தனுப்பியிருந்தார். மிளகு தூக்கலா போட்டு வறுத்தோம். அம்மாகிட்ட அன்னிக்கு, ''என்னடா சாப்பிட்ட?''ங்கற கேள்விக்கு, ''கறிம்மா''ன்னு மட்டும் சொன்னேன். அவங்களும் என்ன கறின்னு கேட்கலை.