மேகத்தின் மேல் போட்ட பழி

அந்த 29ஆம் நோன்பன்று பின்னேரம் ஏறாவூர் வாவிக்கரையில் நின்று மேற்கே பார்த்தோம். மேகம் இருந்ததுதான். ஆனால் பிறை தெரியாமல் போனதற்கு மேகம் காரணமில்லை. அன்று பிறை தெரிந்திருக்கவே முடியாது. உம்மாவிடம் இன்றுவரை இதைச் சொல்லவில்லை.

எனக்கு ஸ்பானியக் கிறுக்குப் பிடித்தது 2019இல், கருந்துளையின் முதல் படம் வெளிவந்த வருஷம். அதில் பங்குகொண்ட தொலைநோக்கிகளுள் ஒன்று சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில், ஏறத்தாழ 5,000 மீற்றர் உயரத்தில், 66 அன்டெனாக்களோடு நிற்கிறது. பெயர் அல்மா. ஸ்பானியத்தில் அல்மா என்றால் ரூஹ், ஆன்மா. அந்த ஒரு சொல்லில் விழுந்தேன். கொப்பி ஒன்று வாங்கினேன். எஸ்ட்ரேயா, வெள்ளி. சியேலோ, வானம், சுவர்க்கமும் அதுதான். அகுஹேரோ நேக்ரோ, கருந்துளை. சொற்கள் இருநூறைத் தாண்டின. குடிக்கத் தண்ணீர் கேட்க மட்டும் அந்த மொழியில் எனக்கு வராது. ஊரில் யார் வந்து சோதிக்கப் போகிறார்கள்?

ஒருநாள் அல்தெபரான் என்று அலட்டினேன். ஓதிக்கொடுக்கிற லெப்பை சிரித்தார்: "அது அரபு, தம்பி. அத்தபரான். ஸுரையாவுக்குப் பின்னால வாறது." ஸுரையா நம்முடைய ஆறாமீன், பெண்பிள்ளைகளுக்கு நாம் வைக்கிற பெயர். தேடிப் பார்த்தால் செனித், நாதிர், அசிமுத் எல்லாமே அரபு வேர். 13ஆம் நூற்றாண்டில் பத்தாம் அல்போன்ஸோ மன்னர் அரபு வானியல் நூல்களைத் தன் மொழிக்கு ஆக்குவித்திருக்கிறார். அதையும் கொப்பியில் எழுதி, அடுத்த வீட்டில் என் கண்டுபிடிப்பாகச் சொன்னேன். லெப்பையின் பெயர் வாயில் வரவில்லை.

கைபேசியையும் ஸ்பானியத்துக்கு மாற்றி வைத்திருந்தேன். அந்த 29ஆம் நாள் காலை நாட்காட்டியில் 'லூனா நுயேவா' என்று கிடந்தது. லூனா நிலா, நுயேவா புதிது. அப்ப தலைப்பிறைதானே! "நாளைக்குப் பெருநாள் உம்மா, உறுதி" என்றேன்.

லூனா நுயேவா என்றால் அமாவாசை. சந்திரன் சூரியனின் பக்கத்திலேயே நின்று மறைந்துபோகிற நேரம். அதிலிருந்து ஏறக்குறைய பதினைந்து மணித்தியாலமாவது போகாமல் வெறுங்கண்ணுக்குப் பிறை படுவது அரிது. கொப்பியில் இரண்டு சொல்லும் தனித்தனியே சரியாகத்தான் இருந்தன.

உம்மா பகலிலேயே தேங்காய் திருவிப் பாலெடுத்து, கித்துள் கருப்பட்டி கரைத்து, இருபது முட்டை உடைத்து வட்டிலப்பம் அவித்துவிட்டார். ஏலக்காய் வாசம் கடப்படி வரை வந்தது. இரவு வானொலி சொல்லிற்று: பிறை தென்படவில்லை, நோன்பு முப்பது. நான் அறைக்குள் போய் கைபேசியைத் தமிழுக்கு மாற்றினேன். 'அமாவாசை' என்று காட்டியது.

"என்ன மகன், உறுதி என்டாய்?"

"மேகம் மறைச்சிட்டு உம்மா."

சஹருக்கு வட்டிலப்பம்தான் சாப்பிட்டோம். விடிந்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மாமியிடம் உம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: "மேகம் மட்டும் இல்லாட்டி என்ட மகன் சொன்னது சரிதான்."