மாடித்தோட்ட விதைகள்

மாடித்தோட்டம் போடுவோர் காய்களைவிட விதைகளையே அதிகம் பகிர்ந்துகொள்கிறார்கள். காகிதத்தில் மடித்த வெண்டை விதைப் பொட்டலம் அஞ்சலில் இன்னொரு ஊரின் மாடிக்குப் போய்விடும். இப்படிக் கைமாற நாட்டு ரகங்களே ஏற்றவை. வீரிய ஒட்டு ரகங்களின் விதை தாய்ச்செடியின் குணத்தை அப்படியே கொண்டுவராது.

தக்காளியும் தட்டைப்பயறும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் கலப்புப் பயம் குறைவு. கொடிக்காய்களில்தான் கவனம் தேவை. பூசணி, சுரை, பீர்க்கு மூன்றிலும் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. வண்டும் தேனீயும் பக்கத்து வீட்டுக் கொடியிலிருந்தும் மகரந்தம் கொண்டுவந்துவிடும். ரகம் மாறாமல் காக்க, மலரப்போகும் மொட்டுகளை முன்கூட்டியே நூலால் கட்டிவைக்க வேண்டும். மலரும் வேளையில் ஆண் பூவைப் பெண் பூவின் சூலகமுடியில் தடவி, பெண் பூவை மீண்டும் கட்டி, அந்தக் காம்பில் அடையாளக் கயிறு சுற்றுவார்கள். பூசணி காலையில் மலரும். சுரையும் பீர்க்கும் மாலையில். தோட்டக்கலையிலேயே மிக அழகான வேலை இது.

விதைக்காய் செடியிலேயே முற்ற வேண்டும். கத்தரி மஞ்சளாகும்வரை, வெண்டை காய்ந்து வெடிக்கும்வரை பறிக்கக் கூடாது. தக்காளி விதையைச் சதையோடு 2 அல்லது 3 நாள் புளிக்கவிட்டால் வழவழப்பு நீங்கும். பிறகு கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து வைக்கலாம். பொட்டலத்தின்மேல் ரகத்தின் பெயரும் விதை எடுத்த மாதமும் எழுதியிருந்தால் பெறுபவருக்குப் பேருதவி.